பதினாலாம் நாள் பார்த்த நாய்

உங்களில் பலர் இந்த வேலைக்கு வந்து இன்னும் ஒரு மழைக்காலத்தைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று பொறித்த அட்டை சட்டைப்பையில் புதிதாக மினுங்கும். கடைக்காரர்கள் உங்களைக் கண்டதும் எழுந்து நிற்பது கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், மண்சரிவு நேரத்தில் முகாம்களில் செய்த வேலையையும் டெங்குக் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியதையும் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போட்ட ஒரு கையெழுத்தால் செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

தெமோதரைக்கு மேலே, பெரிய வீதியிலிருந்து பிரிந்து ஏறும் பாதையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் பாக்கியம். முப்பத்தாறு வயது. புருஷன் சிவலிங்கத்துக்குத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறவள்.

பாக்கியத்தைக் கடித்தது கணக்கப்பிள்ளையின் நாய். உங்களில் தோட்டம் பார்க்காதவர்களும் இருப்பீர்கள். கணக்கப்பிள்ளை என்பவர் மலையில் நின்று வேலை வாங்குகிறவர்; இன்னார் இன்று வேலைக்கு வந்தார் என்று பெயர் போடுகிறவர்; அவர் பெயர் போட்டால்தான் அன்றைய கூலி. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பங்களாவில் இருப்பார். வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் ஜனங்கள் அன்றாடம் பயப்படுவது கணக்கப்பிள்ளைக்குத்தான். லீவு கேட்டு அவருடைய குவாட்டர்ஸுக்குப் போன பாக்கியம் கேட்டைத் திறந்ததும் நாய் பாய்ந்து வலது முன்கையைக் கவ்விவிட்டது.

லயத்தில் யாரோ காயத்தில் கோப்பித் தூளை அப்பிவிட்டார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் விஷயம் தெரிந்தவர். அதையெல்லாம் கழுவி எடுத்து, குழாயடியில் நிறுத்திச் சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் அலசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கணக்கப்பிள்ளையே ஒரு வேன் பிடித்து அவளைக் கூட்டிப்போனார். நாயின் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டினார். அட்டை ஒழுங்காக இருந்தது.

காயம் சின்னது, நாய் தடுப்பூசி போட்டது, கட்டிவைத்துப் பார்க்கக்கூடியது. இந்த மூன்றும் இருந்தால் ஊசியைத் தள்ளிவைத்து நாயைப் பதினாலு நாள் கவனிக்கலாம் என்று எங்களுக்குப் படித்துக்கொடுத்திருந்தார்கள். கடிக்கும்போதே நாய்க்கு நீர்வெறுப்பு நோய், அதாவது ரேபிஸ், இருந்திருந்தால் அந்தப் பதினாலு நாளுக்குள் அது செத்துவிடும். நாய் நன்றாக இருந்தால் கடிபட்டவருக்குப் பயமில்லை. டாக்டர் அந்த விதிப்படிதான் செய்தார். நாயைப் பார்த்து அறிவிக்கும் வேலை என்னிடம் வந்தது.

மூன்றாம் நாள் போனேன். அன்று நல்ல வெயில். கேட்டைத் தாண்டி உள்ளே போய், நாய்க்குப் பக்கத்தில் குந்தி, சாவகாசமாகப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் ஒரு ஆண் நாய். எச்சில் ஒழுகவில்லை, கண் தெளிவாக இருந்தது, வைத்த சோற்றைத் தின்றது. இடது காதின் நுனி மட்டும் சண்டையில் பிய்ந்துபோனது போல இல்லாமல் இருந்தது. அதை என் பைக் கொப்பியில், சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்னக் குறிப்பேட்டில், குறித்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு வந்து பெரிய பதிவேட்டில் எழுதும்போது, காதைப் பற்றி எழுத அதில் இடமில்லை என்று விட்டுவிட்டேன். “செம்மண் நிறம், ஆண், ஆரோக்கியம்” என்று மட்டும் எழுதினேன்.

பதினாலாம் நாள் காலையிலிருந்து விடாத மழை. பதுளைப் பக்கம் டெங்கு தலைவிரித்தாடிய நேரம். பின்னேரம் நாலு மணிக்குள் அறிக்கை வேண்டும் என்று எனக்கு மேலே இருந்தவர் காலையிலேயே இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். மோட்டார் சைக்கிளில் தெப்பலாக நனைந்து அந்தத் தோட்டத்துக்கு ஏறினேன்.

கணக்கப்பிள்ளை குடையோடு வாசல் வரை வந்தார்.

“அடடா, இந்த மழையில எதுக்கு சார் வந்தீங்க? ஒரு போன் போட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. வாங்க, வாங்க, மொதல்ல தல தொவட்டுங்க.”

துவாய் தந்தார். அவருடைய சம்சாரம் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அதை அப்போது கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

“நாய் எங்க?” என்றேன்.

“பொறத்தால கட்டியிருக்கேன். அந்தா, கொட்டகைக்குள்ள நிக்கிது பாருங்க. டேய் ராஜா!”

முற்றத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை. நடுவில் மழை. கொட்டகை இருட்டில் செம்மண் நிறத்தில் ஒரு நாய் எழுந்து வாலை ஆட்டியது. அவர் ஒரு பாண் துண்டை வீசினார். அது பாய்ந்து எடுத்துத் தின்றது.

“நேத்தைக்கு விட இன்னைக்கு இன்னும் உஷாரு சார்.”

முற்றத்தைக் கடக்க எட்டு அடி, பத்து அடிதான் இருக்கும். சப்பாத்து ஏற்கெனவே நனைந்திருந்தது; இன்னும் நனைய ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் கடக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். படிவத்தில், “செம்மண் நிறம், ஆண். நாய் உயிருடனும் ஆரோக்கியமாகவும் உள்ளது. கண்காணிப்பு முடிவுற்றது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கீழே வரும் வழியில், மலைக்குள் ஏறும் குறுக்குப் பாதை முனையில் பாக்கியம் நின்றாள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் பொலித்தீன் உறையைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி நின்றிருந்தாள். எனக்காகவே காத்திருந்தாள் என்பது பைக்கை நிறுத்திய பிறகுதான் புரிந்தது.

“சார், நாயப் பாத்தீங்களா?”

“பாத்தேம்மா. நல்லா இருக்கு. இனிப் பயமில்ல.”

“அது என்னயக் கடிச்ச நாய் இல்லீங்க சார்.”

“எப்பிடிச் சொல்றீங்க?”

“அதுக்குக் காது முழுசா இருக்குதுங்க. இது கடிச்ச நாயி கூடப் பொறந்தது. மேல் டிவிசன்ல நின்ன நாயி. போன கெழம ராவோட ராவா கொண்டாந்து கட்டிட்டாங்க. என்னயக் கடிச்சத ஆளுங்க யாரும் இப்ப காணலீங்க.”

நான் திரும்பி மேலே பார்த்தேன். குவாட்டர்ஸ் மழைக்குள் மறைந்திருந்தது. மறுபடி ஏறினால் அரைமணி நேரம் போகும். நாலு மணி அறிக்கை இருந்தது. இப்போதுதான் துவாய் தந்து தேத்தண்ணீர் தந்த மனிதரிடம் போய், நீ பொய் சொன்னாயா என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. நான் கேட்டது வேறொன்று.

“ஒங்களுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் ஏதாச்சும் தகராறா?”

அவள் பொலித்தீன் உறையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “சரிங்க சார்” என்றாள். பாதையில் ஏறிப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாயை மறுபடி போய்ப் பார்க்க எனக்கு நேரமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவளை ஊசிக்கு அனுப்ப நேரம் தேவையில்லை. ஒரு துண்டில் “நாய் குறித்துச் சந்தேகம், ஊசி போடவும்” என்று எழுதியிருந்தால் போதும். அந்த நாய்க்கு ஒரு நோயும் இல்லையென்று பிறகு தெரிந்தாலும் ஊசியால் அவளுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. கடிபட்டவர் சந்தேகப்பட்டாலே ஊசிக்கு அனுப்புங்கள். அவர் சொல்வது சரியா, அவருக்கு யாரோடு பகை என்பதையெல்லாம் பிறகு ஆராயலாம்.

பாக்கியம் அதோடு விடவில்லை. இரண்டு நாள் கழித்துத் தானாகவே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே அவளுடைய கடுதாசிகளைப் பார்த்திருக்கிறார்கள். மேலே என் அறிக்கை இருந்தது. “நாய்தான் நல்லா இருக்கே, ஊசி எதற்கு?” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. என் கையெழுத்தை நம்பினார்கள்.

கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து டிஸ்பென்சர் போன் பண்ணினார்.

“சார், அந்த நாய்க்கடி கேஸ் ஞாபகம் இருக்கா? கையெல்லாம் ஊர்ற மாதிரி இருக்குன்னு நேத்து வந்துச்சு. இன்னைக்குத் தண்ணி குடிக்க ஏலாம இருக்கு. கிளாச கிட்டக் கொண்டு போனாலே தொண்ட இறுகுது. ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டேன்” என்றார்.

இந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் அதற்குமேல் மருந்து இல்லை. உங்களுக்குப் பாடத்தில் ஒரு வரியாக இருக்கும். நான் போனபோது தனி அறையில் ஜன்னலுக்குத் துணி கட்டி, காற்றாடியை நிறுத்தி வைத்திருந்தார்கள். காற்றுப் பட்டாலும் அவளுக்குத் தொண்டை இழுத்தது. சிவலிங்கம் கதவருகே நின்றார். பாக்கியத்துக்கு நினைவு தெளிவாக இருந்தது. அதுதான் இந்த நோயில் கொடுமை. என்னைக் கண்டதும் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“சார், எம்புள்ள என் கோப்பையில தேத்தண்ணி குடிச்சிருச்சு. அதுக்கு ஊசி போட்டுருவீங்களா?”

“இன்னைக்கே போடுறோம்மா. ஒங்க வீட்டுக்காரருக்கும் போடுறோம்.”

அவள் பக்கத்தில் நின்ற தாதியிடம் முகத்தைத் திருப்பினாள். “நெசமாத்தான் போடுவாங்களா மிஸ்? நீங்க சொல்லுங்க” என்றாள். தாதி ஆமாம் என்ற பிறகுதான் கண்ணை மூடினாள்.

மறுநாள் விடியுமுன் போய்விட்டாள்.

அன்று காலையே கணக்கப்பிள்ளையின் குவாட்டர்ஸுக்குப் போனேன். முற்றத்தைக் கடந்தேன். நாயின் தலையைப் பிடித்து இரண்டு காதையும் தடவிப் பார்த்தேன். முழுசாக இருந்தன. கணக்கப்பிள்ளை வெளியே வருமுன் அவருடைய சம்சாரம் ஓடிவந்தார். இரவெல்லாம் அழுத முகம்.

“ஒம்பதாம் நாளு அது சாப்பிடல சார். கட்டையைக் கடிச்சிச்சு, எச்சி வடிஞ்சிச்சு. இவரு காவக்காரன விட்டு அடிச்சுப் பொதைச்சிட்டாரு. ஊசி போட்டது மத்த நாயிக்கு, அட்ட அதோடதுங்க. நாங்க ரெண்டு பேரும் போய் பிரைவேட்டுல ஊசி போட்டுக்கிட்டோம். அவளையும் கூட்டிட்டுப் போவோம்னு நான் கெஞ்சினேன் சார். கேக்கல.”

கணக்கப்பிள்ளை கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. “பயந்துட்டேன் சார்” என்றார். “பொய் அட்டன்னு தெரிஞ்சா பொலிஸ், கோர்ட்டு, தொரைட்ட பேச்சு. வேலையே போயிருக்கும். ஒரு கீறல்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீங்களும் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

அந்த ஒரு கேள்வியில் நானும் அவரும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டோம். அவர் அதை மிரட்டலாகச் சொன்னார் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. உள்ளதைச் சொன்னார்.

சட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். சட்டம் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. நாயைப் பதிய வேண்டும், ஊசி போட வேண்டும், நோய் என்று சந்தேகம் வந்தால் அறிவிக்க வேண்டும். ஒன்பதாம் நாள் அந்த நாயின் தலையை ஐஸில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பியிருந்தால் என்ன நோய் என்று தெரிந்திருக்கும். பாக்கியத்துக்கும் ஊசி கிடைத்திருக்கும். மண்ணுக்குள் இரண்டு மாதம் கிடந்த தலையில் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. சிவலிங்கம் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள். லயத்தில் நாய் மாற்றியதைப் பார்த்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். சாட்சிக்கு ஒருவரும் வரவில்லை. மறுநாள் காலையில் அவர்களுக்குப் பெயர் போடப்போவது யார் என்று யோசித்துப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு யாரும் பெயர் போடுவதில்லை. மாதம் முடிந்தால் அரசாங்கச் சம்பளம் வரும். அதனால் நான் சொல்லியிருக்க வேண்டும்.

வழக்குக்கு முதல் நாள் எனக்கு மேலே இருந்தவர் கூப்பிட்டார். “பதிவேட்டில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்” என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். பைக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போனதற்கு எவரும் என்னைத் தூண்டவில்லை.

விசாரணை சிங்களத்தில் நடந்தது. சிவலிங்கத்துக்குச் சிங்களம் அவ்வளவு புரியாது. மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டு பின்னால் நின்றார். கணக்கப்பிள்ளையின் சட்டத்தரணி என்னுடைய பதினாலாம் நாள் அறிக்கையை உயர்த்திக் காட்டினார். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த நாய் பதினாலாம் நாளும் உயிரோடு இருந்தது என்றால், இந்தப் பெண்ணுக்கு நோய் வேறு ஏதோ தெருநாயிலிருந்து வந்திருக்க வேண்டும், அப்படித்தானே என்றார். அதை என்னால் சொல்ல முடியாது என்றேன். பிறகு அவர் கேட்டார்:

“முதல் தடவை பார்த்த நாயும் இரண்டாம் தடவை பார்த்த நாயும் ஒன்றுதானா?”

நீதவான் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். எத்தனையோ தடவை அந்த நேரத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் அப்போது பாக்கியத்தை நினைக்கவில்லை. ஒழுக்காற்று விசாரணையை நினைத்தேன், இன்னும் நாலு வருடத்தில் வரவேண்டிய ஓய்வூதியத்தை நினைத்தேன், பேப்பரில் பெயர் வருமே என்று நினைத்தேன்.

“என் பதிவின்படி ஒன்றுதான்” என்றேன்.

பதிவின்படி அது உண்மை. இரண்டு இடத்திலும் செம்மண் நிறம், ஆண், ஆரோக்கியம் என்றுதான் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். சிவலிங்கம் மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். வழக்குத் தள்ளுபடியானது.

நாலு வருடம் கழித்து ஓய்வு பெற்றேன். மண்டபம் எடுத்துப் பிரியாவிடை வைத்தார்கள். தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வரிசையில் கணக்கப்பிள்ளையும் நின்றார். இப்போது இன்னும் பெரிய உத்தியோகம். மாலையைப் போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, காதோடு சொன்னார்:

“அன்னைக்கு நீங்க செஞ்ச உதவிய சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் சார்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் நன்றி கெட்டவர் அல்ல. அவர் கண்ணில் நீர் இருந்தது. நான் உதவி செய்தேன் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். நம்பாமல் இருக்க நான் அவருக்கு ஒரு காரணமும் தந்ததில்லை. மாலையோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இன்றைக்கும் என் வீட்டில் எங்கேயோ இருக்கிறது.

அந்த வாரம் நடந்ததையெல்லாம் எழுதி, பைக் கொப்பியின் பக்கத்தையும் பிரதி எடுத்து இணைத்து, பொலிஸுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதம் கிடைத்ததாக ஒரு அட்டை வந்தது. அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் வரவில்லை. கடிதத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் தெமோதரையில் பஸ் இறங்கி, தோட்டத்துக்கு நடந்தே ஏறினேன்.

சிவலிங்கம் லயத்து வாசலில் வேலைக்குப் புறப்பட்டு நின்றார். மகள் பதுளையில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறாள் என்றார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, கொட்டகை, காது, கொப்பி, கோர்ட்டில் நான் சொன்ன பதில். முடித்துவிட்டுக் கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். மடித்துத் திரும்ப என் கையிலேயே வைத்தார்.

“எனக்குத் தெரியாத எதையாச்சும் சொல்ல வந்தீங்களோன்னு பாத்தேன் சார்” என்றார். “இதெல்லாம் எனக்குத் தெரியுங்க. இந்த லயத்துக்கே தெரியும். அன்னைக்குக் கோர்ட்டுல மேல ஒக்காந்திருந்தாரே, அந்த ஒருத்தருக்குத்தான் தெரியாது. அவருகிட்ட சொல்லியிருக்கணும். எங்கிட்ட எதுக்கு சார்?”

கதவை இழுத்துச் சாத்திப் பூட்டைப் போட்டார். சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

“ஸ்டோருக்கு நேரமாச்சு, வர்றேங்க. கீழ பாத்து எறங்குங்க சார், படி வழுக்கும்.”